சுவரெல்லாம் அன்ரோ

தேற்றாத்தீவில் தோமஸின் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிடுவார்கள். ஹோலின் நாலு சுவரிலும், முழங்கால் உயரத்திலிருந்து கை எட்டுகிற உயரம்வரைக்கும், சின்னப் பிள்ளை கீறிய படங்கள். தோணி, கொக்கு, மாட்டு வண்டி, வலை காயப்போட்ட வேலி, மழை, கோயில். கொப்பியில் கிழித்த ஒற்றையில், பழைய கலண்டரின் பின்பக்கத்தில், பிஸ்கட் பெட்டி மட்டையில்.

"ஆரு கீறின? கெட்டிக்காரப் புள்ளதான்" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"எங்கட மகன்" என்பாள் தோமஸின் மனைவி செசீலியா. சொல்லும்போது அவள் முகம் மலரும்.

மகன் எங்கே என்ற கேள்வி வருவதற்கு முன்னம் தோமஸ் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்க, தேத்தண்ணி குடிப்பம்" என்று கதையை மாற்றிவிடுவான். மகன் செத்து நாலு வருஷமாகிவிட்டது என்பதைத் தேத்தண்ணிக்கு முன்னம் சொல்லவும் ஏலாது, பின்னர் சொல்லவும் ஏலாது.

அன்ரோ பேச்சுச் சரியாக வருவதற்கு முன்னமே கரித்துண்டால் நிலத்தில் கீறத் தொடங்கியவன். பாலர் பாடசாலைக்குப் போன முதல் மாதம் அவன் கொண்டுவந்த படத்தைச் செசீலியா கோதுமை மாப் பசை கிண்டிக் குசினிக் கதவில் ஒட்டினாள். அது ஒரு பூனை. பூனைக்கு ஆறு கால் இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் தோமஸின் காதில் இருக்கிறது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. படம் எங்கே ஒட்டப்பட வேண்டும் என்பதை அன்ரோதான் சொல்வான். "இஞ்ச இல்ல அம்மா, அங்கால, வெளிச்சம் படுற இடத்தில." தோமஸ் அந்த நாளில் களுவாஞ்சிக்குடியில் ஒரு ஹாட்வெயார்க் கடையில் வேலைக்கு நின்றான். மாலையில் சைக்கிளை வேலியில் சாத்த முன்னமே மகன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புதுப் படத்தின் முன்னால் நிறுத்துவான்.

எட்டு வயதில், மாரி மழை ஓய்ந்த கையோடு, அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை எழும்பி இருந்து கஞ்சி குடித்தான், பெஸ்டல் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாயிலிருந்தே ஒரு கொக்குக் கீறினான். செசீலியா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். மறுநாள் வயிற்றுக்குள் குத்துகிறது என்று சுருண்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பப் பெட்டியில்தான் வந்தான். காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் டெங்கு ஆளைக் கொண்டுபோகும் என்று செத்த வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். முன்னமே சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

"நான் அண்டைக்குச் சிரிச்சுக்கொண்டு இருந்தனே" என்பதைத்தான் செசீலியா பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "காய்ச்சல் விட்டிட்டெண்டு சிரிச்சுக்கொண்டு இருந்தனே."

முப்பத்தோராம் நாள் செபம் முடிந்த பிறகு அவள் சுவரில் கை வைத்தாள். புத்தகப் பையில் கிடந்தவை, அலுமாரிக்கு மேல் கிடந்தவை, பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி வந்தவை எல்லாவற்றையும் ஒட்டினாள். ஹோல் நிறைந்து அறைக்குப் போயிற்று, அறை நிறைந்து குசினிக்குப் போயிற்று. குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்கப் படம். ஆற்றங்கரைப் பக்கத்து யன்னல்களைப் பூட்டிவிட்டாள். ஈரக்காற்று பட்டால் தாள் கிளம்பிவிடுமாம். ஃபேனை மெதுவாகத்தான் போட விடுவாள். சனிக்கிழமை தோறும் காய்ந்த சேலைத் துண்டால் ஒவ்வொரு தாளையும் தூசு தட்டுவாள். முதலில் தோமஸுக்கும் அது ஆறுதலாக இருந்தது. கடையை விட்டுவிட்டு ஓட்டோ ஓடத் தொடங்கிய அந்த முதல் வருஷத்தில், சவாரி இல்லாத மத்தியானங்களில் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு பாயில் சரிந்து கிடப்பான். அழுகை வந்தால் அழுவான். காலப்போக்கில் அவனுக்கு அழுகை குறைந்தது. செசீலியாவுக்குச் சுவர் கூடியது.

அன்ரோ சாகும்போது தங்கை டினுஷா நாலு வயதுப் பிள்ளை. அண்ணன் செத்த வீட்டில், ஒருவரும் தேடாமல், மேசைக்கு அடியில் நித்திரையாகிக் கிடந்தவள். இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் அவளும் ஒரு படத்தோடு ஓடிவந்தாள். ஒரு ஆடும், ஆட்டின் கழுத்தில் பெரிய மணியும்.

"அம்மா, ஒட்டுங்க."

"வடிவா இரிக்கி மகள். அதில வை" என்றாள் செசீலியா, அரிசி களைந்துகொண்டே.

பிள்ளை மேசையில் வைத்துவிட்டு விளையாடப் போனாள். அன்று மாலை தோமஸ் வரும்போது அந்தத் தாளின் மேல் சுடுகேத்தல் இருந்தது. தூக்கிப் பார்த்தான். ஆட்டின் மேல் வட்டமாக ஈரக்கறை, மணி அழிந்துபோயிருந்தது. செசீலியா வேண்டுமென்று வைக்கவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவளுடைய கண்ணுக்கு அந்தத் தாள் தென்படவே இல்லை.

அடுத்த படத்தை அவனே ஒட்டினான். குசினிக் கதவின் ஓரத்தில் ஒரு சாண் இடம் கிடந்தது. டினுஷா கை தட்டினாள். மறுநாள் அது அங்கே இல்லை. கிழிக்கப்படவில்லை, நான்காக மடித்து மேசை லாச்சிக்குள் வைக்கப்பட்டிருந்தது.

"ஏன் கழட்டின நீ?" என்று கேட்டான்.

"அந்த இடத்தில அன்ரோட பூன இருந்தது. கதவு உப்பினதால கழட்டி வச்சிரிக்கன். திரும்ப ஒட்டவேணும்."

"இவ்வளவு சுவர் கிடக்கு. அவளுக்கு ஒரு ஒற்றைக்கு இடமில்லயா?"

செசீலியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். "அவ நாளைக்கும் கீறுவா. நாளண்டைக்கும் கீறுவா. அவன் கீறுவானா?"

அதற்கு என்ன சொல்வது என்று தோமஸ் பிறகும் பல நாள் ஓட்டோவில் தனியாகப் போகும்போது யோசித்தான்.

அதற்குப் பிறகு டினுஷா படம் கொண்டுவரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு ஹோலில் சம்மணம் போட்டிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில வேளை ஒரு தோணியின் விளிம்பில் விரலை வைத்து, தாளில் படாமல், காற்றில் அதன் வழியே இழுத்துப் பார்ப்பாள். "அண்ணன்ட நினைவு புள்ளைக்கு" என்று செசீலியா பக்கத்து வீட்டில் சொன்னாள். தோமஸும் அப்படித்தான் நினைத்தான்.

அவள் மூன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம், ஒரு சனிக்கிழமை காலை, கையில் ஒரு தாளோடு அறைக்குள்ளிருந்து வந்தாள்.

"அம்மா, அலுமாரிக்குப் பின்னால இது கிடந்திச்சி. அண்ணன்ட."

தூசி துடைத்துக்கொண்டிருந்த செசீலியா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். ஆறு, ஆற்றில் ஒரு தோணி, தோணிக்குள் தொப்பி போட்ட ஒரு ஆள். தாளின் கீழ் மூலையில் அன்ரோ என்று, கொம்பைப் பெரிதாக வளைத்து அவன் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தது. அவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள். பிறகு மகளை இழுத்து மடியில் இருத்தித் தலையில் முத்தமிட்டாள். "எங்க கிடந்த? எப்பிடி மகள் கண்டெடுத்த நீ? என்ட தங்கமே."

அன்றைக்கு அவள் பாற்சோறு காய்ச்சினாள். டினுஷாவின் தலையில் எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, இரட்டைப் பின்னல் பின்னிவிட்டாள். நான்கு வருஷமாக மகளுக்குத் தலை இழுத்தது தோமஸ்தான். அவன் கட்டுகிற கட்டு மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். தாயின் இரண்டு முழங்காலுக்கு நடுவே இருந்த பிள்ளையின் முகத்தை அவன் வாசலில் நின்று பார்த்தான். அவள் அசையவே இல்லை. அசைந்தால் முடிந்துவிடும் என்று பயந்தவள்போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கிழமை கழித்து, வேதாகமத்துக்குள் ஒரு படம் அகப்பட்டது. மறுகா ஒன்று, நெல்லுப் பெட்டிக்கு அடியில். செசீலியா ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிள்ளை பெற்றவள்போல் ஆனாள். கோயிலுக்குப் போகத் தொடங்கினாள். சுவரில் இருந்தவற்றை நெருக்கி ஒட்டி இடம் செய்தாள். மகளைக் கூப்பிடும் குரலே மாறிவிட்டது. தோமஸ் கடவுளுக்கு நன்றி சொன்னான், உண்மையாகவே சொன்னான்.

நாலாவதாக வந்த படத்தில் ஒரு வீதியும் வீதியில் ஒரு ஓட்டோவும் இருந்தன. சிவப்பு ஓட்டோ. முன்னால் மீசை வைத்த ஒருவர், பின்னால் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும். செசீலியா அதை ஹோலின் நடுச்சுவரில் ஒட்டிவிட்டுக் குசினிக்குப் போன பிறகு தோமஸ் அதன் முன்னால் நின்றான். நல்ல படம் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகுதான் அது தன்னுடைய ஓட்டோ என்று கண்டான். அன்ரோ அந்த ஓட்டோவைக் கண்டதில்லை. அவன் உயிரோடிருந்த காலத்தில் தோமஸிடம் ஓட்டோ இருந்ததில்லை.

அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்த மட்டைப் பெட்டியை இழுத்தான். அன்ரோவின் பள்ளிக்கூடச் சாமான்கள் அதற்குள்தான். சித்திரக் கொப்பி ஒன்று பாதி எழுதாமல் மிஞ்சியிருந்தது. அதன் வெறும் ஒற்றைகள் ஒவ்வொன்றாக, தையலை ஒட்டி, மிகக் கவனமாகக் கிழிக்கப்பட்டிருந்தன.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு மகளை ஏற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகாமல் ஓட்டோவை ஆற்றங்கரைக்கு விட்டான். ஊரார் ஆறு என்று சொல்கிற வாவி மத்தியான வெயிலில் தகரம்போல் கிடந்தது. தூரத்தில் ஒருவன் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான். தோமஸ் ஒரு குளிர்களி வாங்கிக் கொடுத்தான். அவள் அதை முடிக்கும்போது கேட்டான்.

"மகள், அந்த ஓட்டோப் படம்..."

குச்சியை நக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அப்பா ஏசமாட்டன். சொல்லு."

"அம்மாக்கிட்டச் சொல்லாதீங்க அப்பா" என்றாள். உதடு கோணியது. "சொன்னா கழட்டிப்போடுவா."

"ஏன் மகள் அப்பிடிச் செய்த நீ?"

"நான் கீறினா லாச்சிக்குள்ள வைப்பா. அண்ணன் கீறினா ஒட்டுவா." குச்சியை வெளியே எறிந்துவிட்டுச் சொன்னாள். "இப்ப நான் கீறினதும் சுவத்தில இரிக்கிதானே. எனக்குத் தெரியும். அது காணும், வேற வேணாம்."

தோமஸ் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். எட்டு வயதுப் பிள்ளை. கால் நீண்டு ஓட்டோவுக்கு வெளியே தொங்கியது.

"அண்ணன் கோவிப்பாரா அப்பா?"

"இல்ல மகள். அண்ணன் கோவிக்கமாட்டார்."

அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போய்ச் செசீலியாவிடம் சொல்லியிருக்க வேண்டும். வழி முழுக்க அதற்குத்தான் வார்த்தை தேடிக்கொண்டு போனான். ஆனால் ஓட்டோச் சத்தம் கேட்டு அவள் படலையடிக்கு வந்து நின்றாள். தலை இழுத்து, நல்ல சட்டை போட்டு, மகளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நாலு வருஷத்தில் அப்படி நின்றதில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான். களுவாஞ்சிக்குடியில் பெரிய பெஸ்டல் பெட்டி ஒன்று வாங்கிவந்து மகளிடம் கொடுத்தான், ஏதோ அதுதான் மருந்து என்பதுபோல. படங்கள் இன்னும் வேகமாக அகப்படத் தொடங்கின. ஒளித்துவைத்து எடுப்பதற்கு வீட்டில் இடமில்லாமல் போய், கடைசியில் ஒரு நாள் பிள்ளை வெறுமனே, "அம்மா, இன்னொண்டு" என்று நீட்டினாள். எங்கே கிடந்தது என்று செசீலியா கேட்கவில்லை. பசையை எடுத்தாள்.

இரண்டாம் தவணை நடந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. மங்கையற்கரசி ரீச்சர் வகுப்புக்கு வெளியே மாமரத்தடியில் ஒரு வாங்கில் அவனை இருத்தினார். அன்ரோவுக்கும் சித்திரம் படிப்பித்தவர் அவர். செத்த வீட்டுக்கு வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாகக் கடைசிவரை நின்றவர்.

"டினுஷாட அப்பா, இதை உங்களிட்டத்தான் காட்டவேணும் எண்டு வச்சிருந்தன்" என்று சில தாள்களைக் கொடுத்தார். வகுப்பில் கீறிய படங்கள். எல்லாவற்றின் கீழும் அன்ரோ என்றிருந்தது. "நான் முதல்ல பயந்திட்டன். கண்ணால பாத்துக்கொண்டிருக்கக்குள்ளதான் எழுதினா. இது அண்ணன்ட பேரெல்லா, உன்ட பேரை எழுது எண்டன். எழுதினா. எழுதிப்போட்டு அந்தப் படத்தைக் கசக்கிப்போட்டா."

தோமஸ் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் கசக்கின எண்டு கேட்டன். வடிவில்லையாம். அதே படம், ஐயா. பேர்தான் வேற." ரீச்சர் கொஞ்சம் தயங்கினார். "வர வரக் கூப்பிட்டாலும் உடனே திரும்பிப் பாக்கிறாவில்ல. கணக்குப் பேப்பரிலயும் பேர் எழுதாமத் தந்திரிக்கா. ஆஸ்பத்திரியில புள்ளையளோட கதைக்கிற டொக்டர் ஒராள் இரிக்கார். தாயையும் கூட்டிக்கொண்டு போங்க. தாயில்லாமப் போய் வேலையில்ல."

வீட்டுக்கு வந்தபோது டினுஷா டியூசனுக்குப் போயிருந்தாள். செசீலியா குசினியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். தோமஸ் தாள்களை அவள் முன்னால் பலகையில் வைத்தான்.

"இதெல்லாம் ஆரு கீறின?"

கையைச் சட்டியில் கழுவிவிட்டு அவள் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"வகுப்பில உன்ட மகள் கீறினது. சுவத்தில கிடக்கிறதும் அவள் கீறினதுதான். அலுமாரிக்குப் பின்னால ஒண்டும் கிடக்கயில்ல, செசீ. வேதாகமத்துக்குள்ள ஒண்டும் கிடக்கயில்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்றிருந்தது. "என்ன தெரியும்?"

"முதல் படத்திலயே தெரியும். அவன் கீறினது முழுக்க எனக்கு மனப்பாடம். அவன் ஒருநாளும் தோணிக்குள்ள ஆளைக் கீறமாட்டான். தோணி தனியத்தான் போகும்."

"தெரிஞ்சுகொண்டா ஒட்டின நீ?"

செசீலியா இறால் கோதுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். ஒதுக்கி முடிந்தும் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். "அவள் கொண்டுவந்து நீட்டக்குள்ள ஒரு நிமிசம்... ஒரு நிமிசம் அவன் அந்த அறைக்குள்ள இருந்து கீறிக்கொண்டிரிக்கான். அப்பிடித்தான் இரிக்கும் எனக்கு. மறுகா போயிரும். அந்த ஒரு நிமிசத்துக்கு நான் என்ன வேணுமெண்டாலும் ஒட்டுவன்."

"அவள் தன்ட பேரை விட்டிட்டாள், செசீ. கூப்பிட்டாத் திரும்பிறாளில்லயாம்."

"என்னோட இருக்கக்குள்ள சந்தோசமாத்தானே இரிக்காள்."

தோமஸ் ஹோலுக்குப் போனான். மகள் கீறியதை எல்லாம் இப்போதே கழற்ற வேண்டும், கழற்றி அவளுடைய பேரை எழுதி வேறாக ஒரு சுவரில் ஒட்ட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. நடுச்சுவரில் இருந்த ஓட்டோப் படத்தில் கை வைத்தான். அது மகளுடையது, அதில் சந்தேகமில்லை. தாளோடு சுண்ணாம்பும் கழன்று வந்தது. முதல் வந்த தோணியைத் தேடினான். சுவரில் தோணிகள் நிறைந்து கிடந்தன. ஆள் இருந்த தோணி ஒன்றைக் கண்டான். பக்கத்தில் இன்னொரு தோணி ஆளில்லாமல் தனியே போயிற்று. அது யாருடையது? பக்கத்தில் ஒரு கொக்கு. காய்ச்சல் விட்ட அன்றைக்குப் பாயிலிருந்து கீறிய கொக்கு அதுவா? அதற்குக் கீழே அதே கொக்கு இன்னொன்று இருந்தது. இரண்டிலும் அதே கழுத்து வளைவு, கீழ் மூலையில் அதே பேர், அதே வளைந்த கொம்பு. முகத்தை மிகக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். பெஸ்டல் வாசம் வருகிறதா என்று மணந்துகூடப் பார்த்தான்.

"செசீ!" என்று கத்தினான். "எது அவன்ட? எது அவள்ட? வந்து காட்டு."

அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். நின்று பார்த்தாள். கண் ஒவ்வொரு தாளாகப் போயிற்று. எல்லாம் தனக்கு மனப்பாடம் என்று கொஞ்சத்துக்கு முன்னம் சொன்னவள். ஒரு தாளைக் காட்டக் கை தூக்கினாள், பிறகு கையைக் கீழே விட்டாள். அவளுடைய முகம் அப்போதுதான் கலங்கியது.

"முதல் வந்ததுகள் தெரிஞ்சது" என்றாள் மெல்ல. "கடைசியா வந்ததுகள்..." முடிக்காமல் சுவரில் சாய்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து டினுஷா டியூசன் முடிந்து வந்தாள். நிலத்தில் விழுந்து கிடந்த சுண்ணாம்பையும், தகப்பனின் கையிலிருந்த ஓட்டோப் படத்தையும் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். தோமஸ் முழங்காலில் இருந்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"இஞ்ச வா மகள். ஒருத்தரும் ஏசமாட்டம். நீ கீறினதை மட்டும் அப்பாக்குக் காட்டு. ஒவ்வொண்டாத் தொட்டுக் காட்டு."

பிள்ளை தாயைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு தகப்பனின் கையிலிருந்த படத்தைக் கவனமாக வாங்கிக் கொண்டாள்.

"எல்லாம் அண்ணன்டதான் அப்பா" என்றாள்.

"மகள்..."

"எல்லாம் அண்ணன்ட."

பொய் சொல்கிற பிள்ளையின் கண் அவனுக்குத் தெரியும். இந்தக் கண் அப்படி இருக்கவில்லை. தோமஸ் எழும்பி வெளியே போனான்.

ஓட்டோவை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனான். மண்டூருக்குப் போக வேண்டும், குருமண்வெளித் துறைக்கு விடு தம்பி என்று ஒரு வயதானவர் ஏறினார். மண்டூர் வட்டையில் வெள்ளாமை அறுப்புக்கு இயந்திரம் வராத கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். தோமஸ் ஓம் ஓம் என்றான். துறையில் பாதை என்கிற மிதவைப் படகு அக்கரையிலிருந்து ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது. கிழவர் இறங்கிப் போன பிறகும் அவன் அங்கேயே நின்றான். ரீச்சர் சொன்ன டொக்டரிடம் போக வேண்டும். நாளைக்கே போக வேண்டும். செசீலியாவைக் கட்டித் தூக்கியென்றாலும் கொண்டுபோக வேண்டும். யன்னல்களைத் திறக்க வேண்டும். சுவரில் இருப்பதை ஒரு பெட்டிக்குள் வைத்து, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தீர்மானித்தான். தீர்மானித்தவுடன் நெஞ்சு கொஞ்சம் இளகியது. இன்றைக்கு மூன்று பேருக்கும் உண்மை தெரிந்துவிட்டது, இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை, அதுவே நல்லதுதான் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான்.

பொழுது சாயும் நேரம். லைட் போட்டிருந்தார்கள். படலைக்குள் வரும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது, செசீலியாவின் சிரிப்பு. கூடவே சின்னச் சிரிப்பு ஒன்று. அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

ஹோலின் நடுவில் பாய் விரித்து இருவரும் குப்புறப் படுத்திருந்தார்கள். கழன்ற சுண்ணாம்பு கூட்டி அள்ளப்பட்டிருந்தது. அவன் வாங்கிக் கொடுத்த பெஸ்டல் பெட்டி திறந்து கிடந்தது. டினுஷாவின் கைக்கு மேல் தாயின் கை.

"அப்பிடியில்ல மகள்" என்றாள் செசீலியா. "அவன் தென்ன மரத்துக்குக் காய் வைக்கிறதில்ல. நீ எப்பவும் வைக்கிறாய். வெறும் ஓலதான். ஓலையும் இந்தப் பக்கம் மூண்டு, அந்தப் பக்கம் ரெண்டு."

"இப்பிடியா அம்மா?"

"இப்பிடித்தான். பார், அச்சாவா வருது. இன்னும் கொஞ்சம் சின்னப் புள்ள கை மாதிரி. அழுத்தாத."

பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு கீறினாள். தாயின் தோள் அவளுடைய தோளோடு ஒட்டியிருந்தது. இரண்டு பேருக்கும் முகத்தில் ஒரே வெளிச்சம். அந்த வீட்டில் இவ்வளவு சமாதானத்தைத் தோமஸ் நெடுங்காலமாகக் காணவில்லை. ரீச்சரின் பேச்சு, டொக்டர், வெள்ளையடிப்பு, துறையில் நின்று செய்த தீர்மானங்கள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. இப்போது இந்தப் பாயில் கால் வைத்தால் அந்த இரண்டு தோளும் பிரிந்துவிடும். பிரிந்தால் மறுபடியும் பிள்ளை மேசைக்கு அடியில்தான். பிரியாவிட்டால் டினுஷா என்று ஒரு பிள்ளையே இல்லை.

டினுஷா கீழ் மூலையில் பேரை எழுதி முடித்தாள். தலை நிமிர்ந்தவள் தகப்பனைக் கண்டாள்.

"அப்பா, பாருங்க!" என்று இரண்டு கையாலும் தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

செசீலியாவும் திரும்பி அவனைப் பார்த்தாள். அவள் கண் கெஞ்சியது.

"வடிவா இரிக்கி, மகன்" என்றான் தோமஸ்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது. பிள்ளை திருத்தவில்லை. சந்தோஷத்தோடு பசைச் சட்டியை எடுக்க ஓடினாள்.